'சலாமத்' தோணியின் தளர்ந்த கயிறுகள் குறித்து

அனுப்புநர்
மதார் சாகிப்,
'சலாமத்' தோணியை ஓட்டும் தண்டல்,
இராயபுரம் கடற்கரை, மதராஸ்.

பெறுநர்
நாட்டுத் தோணி மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
மதராஸ்.

பொருள்: பாய்மரக் கயிறுகள் தளர்வு என்று புறப்பாட்டுச் சீட்டு மறுக்கப்பட்டது, மறுபடி பார்வையிடக் கோருதல்.

கனம் பொருந்திய ஐயா,

1. எண்ணூர் உப்பு ஏற்றி மசூலிப்பட்டணம் போக எங்கள் தோணி இருபது நாளாகக் காத்திருக்கிறது.

2. ஆகஸ்டு 27 காலை தங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா தோணியில் ஏறினார். பாய் விரித்து வடக்கே ஓட்டிக் காட்டினோம். கரைக்காற்று இடப்பக்கமிருந்து அடித்தது. அவர் வலப்பக்கக் கயிறுகளைக் குடையால் தட்டி, 'தளர்வு, இறுக்குக' என்று எழுதினார். இறுக்கினோம். செப்டம்பர் 4 பிற்பகல் மறுபடி வந்தார். அன்று கடற்காற்று, வலப்பக்கமிருந்து. இப்போது இடப்பக்கம் தளர்வு என்றார். அதையும் இறுக்கினோம்.

3. ஐயா, காற்று வரும் பக்கத்துக் கயிறுதான் பாய்மரத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும். எதிர்ப்பக்கத்துக் கயிற்றுக்கு அந்நேரம் ஓய்வு. அது தளர்ந்துதான் இருக்கும். ஒருவர் வேலை பார்க்கையில் ஒருவர் ஓய்ந்திருப்பது அலுவலகங்களிலும் உண்டென்று கேள்வி.

4. இருபுறமும் அளவுக்கு மீறி இறுக்கியதால் பாய்மரம் கீழே அழுந்தி, அடிப்பலகையில் நீர் கசிந்தது. 10ஆம் தேதி வந்த இன்ஸ்பெக்டர் ஐயா 'கசிவு' என்று எழுதிப் போனார். கயிறு இழுக்கும் எங்கள் கலாசி ஜஹாங்கீர், "இன்னா நைனா, இந்தாண்ட இஸ்தா அந்தாண்ட தொளதொளன்னு ஆவுது, அவரையே நடுவுல கட்டிட்டா இன்னா?" என்றான். அவனைக் கண்டித்தேன். சிரித்து முடித்த பிறகே கண்டித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

5. கசிவை அடைத்து, கயிறுகளைப் பழைய அளவுக்கே விட்டிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் ஐயாவை ஒரே ஒரு முறை அனுப்பி வையுங்கள். பாய்மரத்தடியில் அவரை நிறுத்தி, அவர் கண்முன்னே தோணியைத் திருப்பிக் காட்டுகிறேன். போகும்போது தளர்ந்த கயிறு வரும்போது விறைப்பதை அவரே தொட்டுப் பார்க்கட்டும். குடையும் கொண்டுவரலாம்.

6. தென்காற்று இன்னும் சில நாளே. வாடை தொடங்கினால் வடக்கே போக முடியாது; தை வரை இங்கேதான். மசூலிப்பட்டணத்தில் என் மகள் ஜெரினாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்து நாற்பது நாளாகிறது. நான் இன்னும் முகம் பார்க்கவில்லை, மனம் தவிக்கிறது. வண்ணாரப்பேட்டையில் வாங்கிய தொட்டில் பாய்மரத்தடியில்தான் இருக்கிறது. தையில் போனால் பேத்தி அதில் படுக்க மாட்டாள், புரண்டு தவழப் பார்ப்பாள். அதற்குள் ஐயா அவர்கள் சீட்டுக் கொடுத்தருள வேண்டும்.

இராயபுரம்,
14-9-1951.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்கும் காற்றுக்கும் காத்திருக்கும்
மதார் சாகிப்