நாலு நாளில் மறந்தாள்

விருத்தாசலம்
செப்டம்பர் 14

அன்புத் தங்கை அமலிக்கு,

ஆண்டவர் அருளால் எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? கன்னியர் மடத்து நவதுறவகத்தில் இந்த வருடம் முழுக்க உனக்குப் போன் கிடையாது என்பதால் எழுதுகிறேன். கடிதத்தை உங்கள் மதர் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும், அவர்களும் ஒரு பெண்தானே.

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போடுவதில்லை.

ஜெனிக்குப் பால் நிறுத்திவிட்டேன். ஒன்றரை வயதாகிவிட்டது. கார்த்திகை விளக்கு ஆர்டர் வந்துவிட்டதால், செராமிக் கம்பெனியில் மதியம் வீட்டுக்கு வந்துபோக விடுவதில்லை. என் மாமியார், "பெண்ணாடத்துல மவ வூட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். நாலு நாள்ல மறந்துடும்" என்றார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானே சரி என்றேன், நானே பஸ் ஏற்றிவிட்டேன். ஜெனி ஜன்னல் வழியாகச் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினாள்.

மறுநாள் வேலையில், அச்சிலிருந்து எடுத்த விளக்குகளுக்குப் பிசிறு சீவிக்கொண்டிருந்தபோது மார் கல் மாதிரி கட்டிக்கொண்டது. வெளியே யாருடைய பிள்ளையோ அழுதது. அவ்வளவுதான், ஜாக்கெட் நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வீரம்மாள் தன் துண்டை எடுத்து என் தோளில் போட்டாள். "மல்லிப்பூ வச்சுக் கட்டு, பால் வத்திடும்" என்றாள்.

சாயங்காலம் இரண்டு முழம் வாங்கினேன். பூக்காரம்மா என்ன விசேஷம் என்று கேட்டாள். கல்யாணம் என்று பொய் சொன்னேன். கதவைச் சாத்தி, பூவை மார்பில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடெல்லாம் கல்யாண வாசனை. ஆள் நான் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து போனில் பேசினார். "நல்லதுதானே, இனிமே நீ நல்லா தூங்கலாம்" என்றார். அவர் சொன்னது சரிதான். காய்ச்சலடிப்பதை நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வலி தாங்காமல் கொஞ்சம் பீய்ச்சி எடுத்தேன். டம்ளரில் கால்வாசி இருந்தது. சாக்கடையில் கொட்ட மனசு வரவில்லை. யார் காலும் படாத இடமாகப் பார்த்து, முருங்கை மரத்தடியில் ஊற்றினேன்.

நேற்று வந்துவிட்டார்கள். அழுவாள், அடம்பிடிப்பாள் என்று பயந்து அரை நாள் லீவு போட்டுக் காத்திருந்தேன். ஜெனி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மடியில் உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. பிறகு இறங்கிப் போய் மாமியாரிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். தூக்கம் வந்தபோதும் அவர்கள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். "பாத்தியா, சமத்து" என்றார்கள் மாமியார். நானும் சிரித்தேன்.

அமலி, அவள் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

கடைசியாகக் கொடுத்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியிலேயே அவள் வாயிலிருந்து எடுத்துவிட்டேன். அதுதான் கடைசி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை வேண்டாம் என்று போனவளிடம் இதைச் சொல்லலாமா என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். வேறு யாரிடம் சொல்வேன்?

பூசையில் எனக்காக வேண்டிக்கொள். பால் வற்ற வேண்டும் என்று வேண்டாதே, அது தானாக வற்றும். தூக்கத்தில் அவள் ஒரு தரமாவது என் பக்கம் புரண்டு வரட்டும் என்று வேண்டிக்கொள்.

மாதா உனக்குத் துணையிருப்பாள்.

உன் அக்கா,
ஃப்ளோரா