புல் முளைத்த சமையலறை

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நான் காவல் நிற்கும் கலைக்கூடத்தில் இப்போது ஒரு சமையலறையைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். தரையெல்லாம் புல், அடுப்புக்குள் கொடி. கேட்டால் கற்பனையாம்! அதைச் செய்த கலைஞரம்மா பாத்திரம் கழுவிய ஜென்மமாகத் தெரியவில்லை. தண்ணீர்க் குழாயே வைக்கவில்லை. பார்க்க வருகிறவர்களோ வாயைப் பிளக்கிறார்கள்.

நேற்று கால் கடுத்து, அந்தச் சமையலறைக்குள் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கலைஞரம்மா ஓடி வந்தாள். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"எந்திரிக்காதீங்க! இப்பதான் இது வீடு மாதிரி இருக்கு" என்றாள்.

இனி தினமும் அங்கே உட்காருவதுதான் என் வேலை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

அதனால் நான் கேட்ட கால்வலித் தைலம் அனுப்ப வேண்டாம். மேலாளர் கூப்பிடுகிறார். ஒன்றே ஒன்று: நம் சமையலறையில் என் நாற்காலிமேல் துணியைக் குவித்து வைக்காதே.

உன் வீட்டுக்காரன்