வாலுக்கு வாங்கிய சர்வோ

ராயபுரம்,
வியாழக்கிழமை

அன்புள்ள மகன் பிராங்கிளினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. சார்ஜாவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை முதலில் எழுது. உன் தங்கை ஃப்ளோராவுக்குப் பரீட்சை முடிந்தது, குழாயில் தண்ணீர் வருவதில்லை, அதெல்லாம் கிடக்கட்டும்.

நீ அனுப்பிய சர்வோ வந்தது. தீப்பெட்டி அளவுகூட இல்லாத அந்த மோட்டாருக்கு உன் அப்பா போட்ட ஆட்டம் இருக்கிறதே! பழைய சர்வோ மந்தமாம், ரிமோட்டில் குச்சியைத் தள்ளினால் அவருடைய பொம்மை பிளேனின் வால் ஆற அமரத்தான் திரும்புமாம், குட்டிக்கரணம் போட அது போதாதாம், என் மகன் வேகமானதாகப் பார்த்து வாங்கியிருக்கிறான், விரல் அசைந்தால் வால் அசையும் என்று ஹார்பர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் எண்ணூர்ப் பக்கம் திடலுக்கு என்னையும் அவருடைய தோஸ்து கமாலுதீன் மாமாவையும் இழுத்துக்கொண்டு போனார். பிளேன் மேலே ஏறியதும் துள்ள ஆரம்பித்தது. ஒரு நொடிகூட நேராகப் போகவில்லை, கீழே வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் தலைக்கு மேலே வந்து அவர்கள் அலறி ஓடினார்கள். எப்படியோ இறக்கிய கையோடு உனக்குத்தான் திட்டு, கலீஜ் சரக்கை வாங்கி அனுப்பியிருக்கிறாய் என்று. கமாலுதீன் மாமா ரிமோட்டை வாங்கி அதே பிளேனை, அதே சர்வோவோடு விட்டார். அலுங்காமல் போய் அலுங்காமல் வந்தது. உன் அப்பா அதைப் பார்க்காமல் கடல் பக்கம் திரும்பி நின்றார். அப்போதிருந்து நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழையதை அன்றைக்கே யாருக்கோ கொடுத்தாயிற்று, இப்போது அதே மாதிரி மெதுவான சர்வோ வேண்டுமாம், உடனே எழுது என்று என்னைப் பிய்க்கிறார். அதைப் போட்டால் பிளேன் அடங்கிப் பறக்கும், ஏன் பறக்காது? இவர் விரல் நடுங்குவது அந்த மந்தமான மோட்டாருக்குத் தெரிவதற்குள் விரல் பழைய இடத்துக்கு வந்துவிடும். இத்தனை நாள் நம் கண்ணில் படாததும் அதனால்தான். டாக்டரிடம் போகலாம் என்றால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிறார். பிராங்கிளின், இவர் ஓட்டுவது கிரேன். கீழே நின்று கொக்கி மாட்டுவது கமாலுதீன் மாமா. திங்கட்கிழமை மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "அண்ணி, சர்வோ நல்லாத்தான் கீது, அண்ணன் கைதான் ஆடுது, ரொம்ப நாளா பாத்துகினுதான் கீறேன். நான் ஆபீஸ்ல போய் சொல்ல மாட்டேன். ஆனா கீய நின்னுகினு இருக்கறது நான்தான்" என்றார். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தீர்களே, உங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லையா என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன். பிறகு அழுகை வந்துவிட்டது. அன்று முதல் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்று படுத்துக்கொண்டு, வேலைக்குப் போகவிடாமல் அவரைச் சமையலறையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்த நாடகம் எத்தனை நாள் ஓடும்?

அதனால் மெதுவான சர்வோ அனுப்பாதே. அனுப்பினால் பிளேன் ஒழுங்காகப் பறக்கும், பார், எனக்கு ஒன்றுமில்லை என்று மறுநாளே கிரேன் ஏறிவிடுவார். கடிதம் கண்டதும் போன் செய், நீ வாங்கியதில் குறை இல்லை என்று நீயே அவரிடம் சொல். கோபத்தில் போனை வைத்துவிடுவார், திரும்பவும் போடு.

மாதா உன்னைக் கண்போல் காக்கட்டும். வெயிலில் தலையில் துணியில்லாமல் அலையாதே. சர்வோ கேட்டு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். அதன் அடியில் இருப்பது அப்பாவின் கையெழுத்து இல்லை. பேனாவை நீட்டினேன். நீயே என் பேரைப் போட்டுவிடு என்று சொல்லி, கையை லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஃபாத்திமா அருள்பிரகாசம்