கதவைத் தட்டுகிறவருக்குச் சொல்ல வேண்டியது

சைகோன்
1955 ஆகஸ்ட்

மகன் அபுல் ஹசனுக்கு உம்மா ஜெய்த்தூன் பீவி ஸலாம் சொல்லி, உன் தங்கை நபீசா கையால் எழுதுவது. அல்லாஹ் காவலில் நாங்கள் இருவரும் இருக்கிறோம், பிரான்சு தேசத்து மர்செய்யில் நீயும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். (நானா, அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் உன் தங்கை என் சொந்தச் சரக்கு. உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதது நம் அதிர்ஷ்டம்.)

நோன்பு மாதத்துச் சண்டையில் சோலோன் பேட்டை எரிந்த அன்று, அங்கே கடைக்குப் பெருநாள் துணி எடுக்கப் போன உன் வாப்பா, நோன்பு திறக்க வந்துடுவேன், கஞ்சி எடுத்து வைன்னு சொல்லிப் போனவர்தான். மவுத்தானவர் கிடந்த இடத்தில் நாற்பது நாள் விளக்கேற்ற வேண்டும், உடல், மையத்தே கிடைக்காதவருக்கு எங்கே ஏற்றுவேன், அதனால் பெருநாள் கழிந்தும் அந்தி சாய்ந்தால் மக்ரிபுக்கு மக்ரிபு கஞ்சிதான் வைக்கிறேன். பக்கத்து ரொட்டிக்கடை மாதலேனைப் பயமுறுத்துவதற்காக உன் தங்கை ஒருநாள் துணி அளக்கும் கஜக்கோலால் நம் கடைப் பலகையில் வாப்பா மாதிரியே தட்டினாள், நான் கோப்பையோடு ஓடிப்போய்த் திறந்தேன். என் முகத்தைப் பார்த்தவள் பிறகு அந்தக் கோலைத் தொடவில்லை. தட்டுவது மட்டும் நிற்கவில்லை மகனே. (சத்தியமாக நான் இல்லை நானா. தட்டும்போது உம்மா பக்கத்தில்தான் இருக்கிறேன். எனக்கும் கேட்கிறது.)

இரண்டு கப்பலை விட்டுவிட்டேன் என்று கோபித்து எழுதியிருந்தாய். ஒரு துணிப்பொதியும் புதுப் பெண்டாட்டியுமாகக் காரைக்காலிலிருந்து இந்த ஊருக்கு வந்து கடை போட்ட மனிதர், திரும்பி வந்து தட்டும்போது பூட்டைப் பார்த்துவிட்டுப் போவதா? இதை மாதலேனிடம் சொல்லி அழுதேன். அவர் வந்து தட்டினா நான் பதில் சொல்றேன், தமிழ்ல என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுங்க என்றாள். அதனால்தான் இந்தக் கப்பலுக்குச் சம்மதித்தேன். துறைமுகத்துக்கு நீயே வா, ஆள் அனுப்பாதே. எண்ணெய் வைக்காமல் தலை குளிக்காதே. ஆண்டவன் உன்னை நீடூழி வைக்கட்டும்.

உன் உம்மா
ஜெய்த்தூன் பீவி

(நானா, மாதலேனுக்கு இதுவரை நான் கற்றுக்கொடுத்த தமிழெல்லாம் வசவு. காலை வணக்கம் என்று நினைத்துக்கொண்டு பள்ளிவாசல் லெப்பையைத் தினமும் ‘போடா கழுதை’ என்பாள். இதை மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். நேற்று மக்ரிபுக்குத் தட்டியது. ‘அவங்க மவன்கிட்ட போயிட்டாங்க, நீங்களும் வந்து சேருங்க’ என்று மாதலேன் தெருவைப் பார்த்துச் சொன்னாள். உள்ளே நானும் உம்மாவும் விளக்கேற்றாமல், மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம், போய்விட்டவர்கள் மாதிரியே. அப்புறம் தட்டவில்லை.)