வெள்ளை ரிமோட்டையே வாங்கு

தெஹியோவிட்ட,
12.06.2008

அன்பு மகள் ராகினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீ கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாயா என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. மழை விடுவதாக இல்லை, ரப்பர் பால் வெட்டவும் போக முடியவில்லை, லயத்து வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் கண்டதையும் நினைக்க வருகிறது.

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பெரிய ஹோட்டல் மண்டபத்தில் கம்பெனிப் பெரியவர்கள் முன்னால் பேசப்போகிறாய், அது நல்லபடி முடிந்தால்தான் வேலை நிரந்தரம் என்றாய், சந்தோஷம். ஆனால் திரையில் படம் மாற்ற வயர் இல்லாத ரிமோட் வாங்கப்போகிறேன், சிவப்பு வெளிச்சம் அடிக்கிற கறுப்பா, வெளிச்சம் இல்லாத வெள்ளையா என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாய். உனக்குப் பயமே இல்லையாடி? நாடு இருக்கிற இருப்பில் வழியெல்லாம் செக்பொயின்ட், தமிழ்ப் பிள்ளை, கைப்பையில் பட்டன் வைத்த கறுப்புச் சாமான். குண்டு வெடிக்க வைக்கிற ரிமோட் என்றுதானே நினைப்பார்கள்.

போன மாசம் அப்பாவுக்கு நடந்ததை உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார், இனி மறைத்து என்ன. டிவி ரிமோட்டைத் திருத்த அவிசாவளைக்கு பஸ்ஸில் கொண்டுபோனார். நம் வீட்டுப் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே, ஈரம் படக்கூடாது என்று பொலித்தீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, வீணாகக் கூடாது என்று பெட்டரியைக் கழற்றித் தனியாகச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பஸ்ஸை மறித்துச் சோதித்த ஆமிக்காரன் கையில் அந்தப் பொட்டலம் அகப்பட்டதும் சனத்தையெல்லாம் விலக்கிவிட்டு, அப்பாவை மழையிலேயே முழங்காலில் நிற்க வைத்துவிட்டான். இவர் சிங்களத்தில் எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் சிங்களக் கண்டக்டர் மாத்தயாதான் முன்னால் வந்து, இவர் தோட்டத்து ஆள், எனக்குத் தெரிந்தவர், அது டிவி ரிமோட்தான் என்று சொல்லி மீட்டுவிட்டார். அன்றைக்குப் போட்டிருந்த உடுப்பை, துவைத்த பிறகும் அப்பா இன்னும் போடவில்லை.

அதனால் அந்தச் சாமானே வேண்டாம், கூட வேலை செய்கிற யாரையாவது உட்கார வைத்து அழுத்தச் சொல், இல்லாவிட்டால் நீயே ஒவ்வொரு படத்துக்கும் கம்ப்யூட்டரில் குனிந்து அழுத்து, என்ன குறைந்துவிடுவாய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பாவிடம் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவ எதுக்குக் குனியணும்? வாங்கச் சொல்லு" என்றார். அந்த மனுஷனே சொன்ன பிறகு நான் என்ன பேச?

சரி, வாங்கு. ஆனால் வெள்ளையையே வாங்கு, சிவப்பு வெளிச்சம் நமக்கு வேண்டாம். அது தூரம் எட்டாது என்றால் கொஞ்சம் முன்னால் நின்று பேசு. பெட்டியை எறியாதே, பில்லை அதற்குள்ளேயே வை, நம் வீட்டு மாதிரி பொலித்தீன் கிலித்தீன் சுற்றித் தொலைக்காதே. செக்பொயின்டில் மறித்தால் அவர்கள் தேடுவதற்கு முன் நீயே எடுத்துக் காட்டி, ஒபிஸ் வேலைக்கு என்று சிங்களத்தில் தெளிவாகச் சொல். அடையாள அட்டையை மறக்காதே. தனியாகப் போகாதே.

உன் பேருக்கு அர்ச்சனை சொல்லியிருக்கிறேன், அம்மன் உன் கூடவே வருவாள், நன்றாக இரு. கை தட்டினார்களா, வேலை நிரந்தரமா என்பதையெல்லாம் ஆறுதலாகச் சொல்லலாம், அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ் கால் மட்டும் கொடு. நீ பேசுகிற அன்றைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று அப்பா இப்போதே கங்காணியிடம் சொல்லிவிட்டார், போன் பக்கத்திலேயே இருப்பாராம்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
இருளாயி