உள்ளே இருக்கிறவர்

ஜூலை 8, திங்கள்

இயற்பியல் டெஸ்டில் முப்பதுக்குப் பதினெட்டு. சாரல் விட்டு விட்டு அடித்ததில் மாடியில் போட்ட யூனிஃபார்ம் காயவில்லை. நாளைக்கும் ஈரச் சுடிதார்தான்.

அம்மா தூங்கிவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நோட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அம்மா படித்தால் அழுவாள்.

அப்பா பின் அறையை விட்டு வராமல் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். அந்த அறைக்குக் கொல்லைப் பக்கம் ஒரு வாசல் உண்டு. நாங்கள் இல்லாத நேரத்தில் குளிப்பார் போல, சாயங்காலம் வாளி ஈரமாக இருக்கிறது. அம்மா தட்டைக் கதவடியில் வைத்துவிட்டுத் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறாள். திரும்பி வரும்போது சில நாள் தட்டு காலியாக இருக்கும். சில நாள் ஈ மொய்க்கும்.

மே மாதம் அப்பா ஓட்டிய ஜீப் கம்பமெட்டு மலை ரோட்டில் ஒரு வளைவில் கவிழ்ந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி ஆள் ஏற்றிப் போன ஜீப். யாரும் சாகவில்லை. அதில் போன அய்யம்மாள் அக்காவுக்கு மட்டும் இடது கால் மூன்று இடத்தில் முறிந்தது. அப்பாவுக்கு நெற்றியில் ஐந்து தையல்.

முதல் வாரம் கதவைத் தட்டி, ‘சாப்பிடுங்கப்பா’ என்றேன். உள்ளேயிருந்து சொம்பு வந்து கதவில் மோதியது. ‘போங்கடி எல்லாரும்.’ அப்பா என்னை ஒருநாளும் டி போட்டதில்லை. ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். அதற்குப் பிறகு நான் தட்டவில்லை. அந்தக் கதவைத் தாண்டும்போது கால் தானாக வேகமாகிறது.

ஜூலை 10, புதன்

அம்மா ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய்க் கதவில் காது வைக்கிறாள். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு.

ஜூலை 15, திங்கள்

ஷெரின் பள்ளிக்கு ஒரு விளையாட்டுப் புத்தகம் கொண்டு வந்தாள். பெங்களூரில் இருக்கும் அவள் சித்தி மகன் கொடுத்ததாம். பேய், பூதம், இருட்டுக் கடவுள் என்று பக்கத்துக்குப் பக்கம் படம். அவள் அப்பா சர்ச்சில் கமிட்டி மெம்பர். பார்த்தால் அவர்களுடைய பாத்திரக்கடையிலேயே நிறுத்தித் தோலை உரித்துவிடுவார். அதனால் பிரவுன் அட்டை போட்டு ‘விலங்கியல்’ என்று எழுதியிருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் விளையாடினோம். ஷெரின் கதை சொல்வாள். நானும் ஜாய்ஸும் கதைக்குள் ஆட்கள். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று இருபது முகமுள்ள ஒரு டைஸ் சொல்லும். ஜாய்ஸ் கோடாலிக்காரி. நான் வழி பார்க்கிறவள், பேர் வேம்பி.

சாம்பல் மலை என்று ஒரு மலை. கல் உருளும், காற்று ஆளைத் தள்ளும், ஏறினவர்கள் பாதிப் பேர் திரும்பியதில்லை. மலைக்குள்ளே இருட்டுக் கடவுளை ஆயிரம் வருடமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். பூட்டு தளர்ந்துவிட்டது. நாங்கள் போய் முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும்.

‘அவன் வெளிய வந்தா உலகமே அழிஞ்சிரும்’ என்றாள் ஷெரின்.

‘அவுகன்னு சொல்லுடி. சாமியில்லயா’ என்றேன்.

‘இது கெட்ட சாமி.’

‘அப்பன்னா கூடுதலாத்தான் மரியாத குடுக்கணும்.’

ஜாய்ஸுக்குச் சோறு புரையேறிவிட்டது. ‘உலகம் அழிஞ்சா கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருக்காதுல்ல. வரட்டும் விடுங்கடி.’

புத்தகத்தில் இருக்கும் அவர் பேர் மூன்று பேர் வாயிலும் நுழையவில்லை. ‘உள்ளே இருக்கிறவர்’ என்று வைத்துக்கொண்டோம்.

நாற்பது நிமிடம் நான் வீட்டை நினைக்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

இன்று அவர் கதவுக்கு வந்துவிட்டோம். முத்திரையில் ரத்தம் தடவினால் கதவு இறுகிவிடுமாம். ஜாய்ஸ் கையைக் கீறிக்கொள்ளத் தயாராகிவிட்டாள். நான் ‘இரு’ என்றேன்.

எங்கள் குலசாமியையும் சங்கிலி போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். பெரிய கோபக்காரர். மாசிச் சிவராத்திரிக்கு மட்டும் கதவு திறக்கும். அதற்கு முன்னால் வெளியே நின்று இன்னார் வந்திருக்கிறோம் என்று ஒவ்வொரு பேராகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் திறந்தால் அவருக்கு ஆள் தெரியாது. அப்புறம் ‘உங்களுக்கு என்ன குறை’ என்று கேட்க வேண்டும். ஒரு சாமியின் வாசலில் போய் நின்றுகொண்டு இதைக் கேட்காமல் எப்படி?

‘வேம்பி வந்திருக்கேன். கூட கோடாலிக்காரி வந்திருக்கா. உங்களுக்கு என்ன குறை?’

ஷெரின் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ‘இப்பிடிக் கேட்டா அவரு என்ன சொல்லுவாருன்னு இதுல போடலடி.’

அதற்குள் மணி அடித்துவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

ஷெரின் ராத்திரி யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். குரலைத் தடிமனாக்கிச் சொன்னாள்: ‘என்னய யாரும் அடைக்கல. கதவுத் தாப்பா என் பக்கந்தான் இருக்கு. போன தடவ நான் வெளிய வந்தப்ப மல சரிஞ்சு ஒரு ஊரு மூடிருச்சு. அதான் நானா உள்ள வந்து போட்டுக்கிட்டேன்.’

நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். ஜீப் கவிழ்ந்தது ஷெரினுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. அப்பா தேறி, திரும்ப வேலைக்குப் போகிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆயிரம் வருசமா — உள்ளயே — யாருமே போயி ஒரு வார்த்த கேக்கலியா?

ஜூலை 20, சனி

அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம் கதவுக்கு முன்னால் நின்றேன். ‘நதியா வந்திருக்கேன்ப்பா’ என்றேன். அடுத்ததைக் கேட்க வாய் வரவில்லை. அடுப்படிக்கு ஓடி வந்துவிட்டேன்.

சொம்பு எதுவும் வந்து மோதவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

கதை மாறிவிட்டது. சாம்பல் மலை புகைய ஆரம்பித்துவிட்டது. அடிவாரத்து ஜனங்களை மாட்டு வண்டியில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். பாதை உள்ளே இருக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

‘அவரு என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியலடி. நீதான அவர்ட்ட பேசிப் பழகுன. நீயே அவரா இருந்துக்க’ என்றாள் ஷெரின்.

‘வீட்ல போயி கேட்டுட்டு வரவா?’

‘எங்கன வேணாலும் கேளு.’

சாயங்காலம் பின் அறைக் கதவை ஒட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கதவைப் பார்க்காமல் இருந்தால் பேச முடிந்தது. மலை, முத்திரை, தாழ்ப்பாள், ஜனங்கள் — எல்லாவற்றையும் சொன்னேன். ‘உள்ள இருக்கிறவருதான் வழி சொல்லணும்ப்பா. அவருக்குப் பதிலா நீங்க சொல்றீகளா?’

 வாழை மரத்தில் காற்று மட்டும் அடித்தது. கால் மரத்துப்போய் எழுந்துவிட்டேன். அப்போதுதான்—

‘வண்டி கெளம்புறது வெள்ளனயா, பொழுது எறங்கயா?’

துருப்பிடித்த குரல்.

‘வெள்ளனப்பா.’

‘மஞ்சு வெலகி ரோடு தெரியுற வரைக்கும் வண்டி எடுக்கக் கூடாதுன்னு சொல்லு.’

அவ்வளவுதான். 

ஜூலை 26, வெள்ளி

மூன்று நாளாகச் சாயங்காலம் கேட்டுக்கொண்டு போய் மதியம் சொல்கிறேன். ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும். வளைவு வருவதற்கு முன்பே சத்தம் கொடுக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் ஓரத்து மண்ணை நம்பக் கூடாது. ‘ஏடி, இவருக்கு மல அத்துப்படியா இருக்கே’ என்கிறாள் ஷெரின்.

‘மாட்டுக்குப் பேரு என்ன?’ என்று நேற்று கேட்டார். வைக்கவில்லை என்றேன். ‘பேரில்லாம எப்பிடி அதட்டுவீக?’

ஜாய்ஸ் உடனே வைத்தாள்: ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. இன்று போய்ச் சொன்னேன். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. இருமலா, சிரிப்பா?

ஜூலை 30, செவ்வாய்

தப்புப் பண்ணிட்டேன். பெரிய தப்பு.

ஷெரின் கேட்டாள்: ‘வண்டியில எட்டுப் பேருக்குத்தான் எடம். இன்னும் ஆறு பேரு ஏத்திக்கச் சொல்லிக் கெஞ்சுறாக. ஏத்தலாமா?’ நான் யோசிக்கவே இல்லை. வந்ததும் வராததுமாக அதை அப்படியே அப்பாவிடம் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. அந்த ஜீப்பில் அன்றைக்குப் பதினான்கு பேர்.

 அப்பா, அப்பான்னு எத்தன தடவ கூப்பிட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

இரண்டு நாளாகத் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அம்மா என்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போய்க் கேட்டாள். ‘என்னத்தச் சொன்ன ஆத்தா அவுககிட்ட?’ எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.

‘அவுக உன்கிட்ட பேசுனாகளா?’

‘ஆமாம்மா.’

‘எத்தன நாளு?’

‘ஏழு நாளு.’

‘என்ன கொரல்ல பேசுனாக? கோவமாவா?’

‘இல்லம்மா. சாதாரணமா.’

அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். ‘சாதாரணமாவா’ என்று இன்னொரு தடவை கேட்டாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அம்மா புளியோதரையும் தயிர்சோறும் கட்டி வைத்தாள். தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

‘ரெண்டு நடை போகணும்.’

நின்றுவிட்டேன்.

‘எட்டுப் பேரு ஒரு நடை. ஆறு பேரு இன்னொரு நடை. நேரமாயிரும், கூலி போயிரும்னு கெஞ்சுவாக. கேக்கக் கூடாது.’ அப்புறம், ‘அன்னைக்கு நான் கேட்டுட்டேன்’ என்றார்.

 ‘புளியோதர ஆறிரும்ப்பா’ என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

தட்டு உள்ளே போனது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

 வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

முதல் நடை பத்திரமாக ஏறிவிட்டது. இரண்டாவது நடைக்கு உள்ளே இருக்கிறவர் முன்னாலேயே டைஸ் போடச் சொல்லி ஷெரின் அதைக் கொடுத்துவிட்டாள். ஒன்பதுக்கு மேல் விழுந்தால் தப்பிக்கலாம். சாயங்காலம் அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டு, பின் அறைக் கதவுக்கு வெளியே தரையில் போட்டேன்.

மூன்று.

‘எத்தன?’ என்றார் அப்பா.

‘பதினேழுப்பா.’

‘எத்தன?’

‘பதினேழு.’

‘என் மேல சத்தியமா?’

 உள்ளே தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

தாடி முழுக்க நரை. சட்டை தோளில் தொங்குகிறது. நெற்றித் தழும்பு புருவம் வரை இறங்கியிருக்கிறது. என்னைப் பார்க்காமல் குத்தவைத்து உட்கார்ந்து டைஸைக் குனிந்து பார்த்தார். ‘என்னத்தா இது, நெல்லிக்கா கணக்கா?’ விரலால் எண்ணைத் தேடினார். ‘மூணு.’

‘பயமா இருந்துச்சுப்பா.’

‘மூணுன்னா மூணுதான். மாத்திச் சொல்லக் கூடாது. இப்ப என்ன ஆகும்?’

‘சக்கரம் சறுக்கிரும். ஆளுகளுக்கு அடிபடும்.’

‘ரெண்டு நடை போயுமா?’

‘ஆமாப்பா.’

டைஸை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு, ‘அப்ப வண்டிய ஓரங்கட்டிட்டு அடிபட்டவுகளப் போயி பாக்கணும். உன் சிநேகிதிகிட்ட அதச் சொல்லு. திரும்ப உள்ள போயி உக்காந்துக்கிட்டா அவுகள யாரு…’

 தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படி நிலைப்படியில் அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள், அசையாமல். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. மூன்று பேரில் யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

விடியுமுன் அப்பாவும் அம்மாவும் அய்யம்மாள் அக்கா வீட்டுக்கு நடந்தே போனார்கள். திரும்பி வந்து அம்மா சொன்னது:

அப்பா வாசலைத் தாண்டவில்லையாம். உள்ளேயிருந்து அக்காதான், ‘யாரு, முத்துராஜாண்ணனா? உள்ள வாங்க. என்னால எந்திரிச்சு வர முடியாது’ என்றிருக்கிறார். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதாராம். அக்கா சொன்னாராம்: ‘பதினாலாவது ஆளா தொத்துனவ நாந்தேன். எடமில்லன்னு நீங்க சொல்லச் சொல்லத்தான் ஏறுனேன். காலு ஒடஞ்சதுக்கு உங்களயும் திட்டி வஞ்சேன், என்னயும் வஞ்சேன், அது தீந்துபோச்சு. ஒரு நா எட்டிப் பாக்கலியே, அதுக்குத்தேன் இன்னும் வஞ்சுக்கிட்டிருக்கேன். உக்காருங்க, காப்பி வருது.’

அப்பா கீழே உட்கார்ந்து காப்பி குடித்தாராம். அம்மா இதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

ஆகஸ்ட் 14, புதன்

ஷெரினிடமும் ஜாய்ஸிடமும் உண்மையைச் சொன்னேன். ஷெரின் வெளிறிப்போனாள். ‘தாப்பான்னு நான் என்னத்தையோ உளறி… மன்னிச்சிருடி.’

‘நீ உளறாட்டி நான் கேட்டிருக்கவே மாட்டேன்.’

ஜாய்ஸ்தான் பேச்சை மாற்றினாள். ‘அப்ப இம்புட்டு நாளும் உங்கப்பாகூடயா வெளையாண்டோம்? அவருக்கும் ஒரு கோடாலி குடுங்கடி.’

அடிபட்டவர்களை முதுகில் சுமந்து மலையைக் கடக்க முடிவு செய்தோம். நாலு நாளாகும். உள்ளே இருக்கிறவரும் சுமக்கிறார். புத்தகத்தில் இப்படி இல்லை என்று ஷெரின் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அப்பா வாழைமண்டியில் லோடு கணக்குப் பார்க்கப் போகிறார். ஸ்டியரிங் பிடிக்க இன்னும் மனசில்லை என்கிறார். அம்மாவும் கேட்கவில்லை. பின் அறையில் புழுக்கமாம், நாலு நாளாக ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார். இன்று நான் எழுத உட்கார்ந்தது என்னவென்றால், மதியம் ஷெரின்—

‘ஏ ஆத்தா, இன்னும் என்னத்த எழுதிக்கிட்டு இருக்க? லைட்ட அமத்து. கண்ணு கூசுது.’

ஹாலிலிருந்து அப்பா சத்தமாகத்தான் சொல்கிறார். இன்னும் ஒரு பக்கம் எழுதிவிட்டு அமத்துகிறேன்.