முதல் கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? தைலத்தைத் தேய்க்கிறாயா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

ஒரு சின்ன விஷயம், பதறாதே. எங்கள் சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் அறை ஜன்னல்களை ஆணியடித்து மூடிவிட்டார்கள். வெக்கையில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். நான் மனு எழுதினேன். கையெழுத்துப் போட எல்லோருக்கும் பயம். அப்பா உயிரோடிருந்தவரை ஊருக்காக எழுதிய அத்தனை மனுவிலும் தன் பெயரைத்தானே முதலில் போட்டார்? "கோபம் வந்தா முதல் பேர் மேலதான் வரும். அது என்னோட போகட்டும்" என்பாரே! நானும் முதலில் போட்டேன். பிறகு பதினேழு பேர் போட்டார்கள்.

"மன்னிப்பு எழுதிக் கொடு, இல்லன்னா உள்ள வராதே" என்றார் மேலாளர். மாட்டேன் என்றேன். அப்பா மாதிரியே வம்பை விலைக்கு வாங்குகிறேன் என்று திட்டுவாய். திட்டு. அந்த வம்பில்தான் நம் தெருவுக்குத் தண்ணீர் வந்தது.

அப்பா எழுதிய மனு நகல் ஏதாவது ஒன்று அனுப்பு. எதுவானாலும் சரி, அவர் கையெழுத்தைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது.

இதை வெளிவாசல் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலைக்கு மணி அடித்துவிட்டது. பதினேழு பேரும் உள்ளே போகாமல் என் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். நானும் எழுந்து நிற்க வேண்டும், முடிக்கிறேன்.

உன் மகள்